மூங்கிலானைத் திட்டும் நாள்

மூங்கிலானைப் புகழ்ந்தவர்கள் தட்டுக் கழுவ வேண்டும். பிரேசர் டவுன் முடிந்து ரயில் பாதை ஆரம்பிக்கிற இடத்தில், ஈஸ்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தின் சட்டம் அது. யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று யாராவது வாய் தவறி “பெரிய வீரன்தான்பா” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அன்றைக்குச் சந்தில் சாப்பிடுகிற அத்தனை பேருடைய எச்சில் தட்டும் அவர் தலையில். ஒரு வருஷம் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் தெரியாமல் மாலை போட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டார். பெண்கள் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துத் தட்டாவது கழுவிவிட்டுத்தான் போனார்.

கல் இடுப்பு உயரம்தான். கார்ப்பரேஷன் குழாய்க்குப் பக்கத்தில், பாதி மண்ணில் புதைந்து நிற்கிறது. அதில் ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் குடுமி, வளைத்த மூங்கிலின் நுனியில் கட்டியிருக்கிறது. கத்தியை அவனே தன் கழுத்தில் வைத்திருக்கிறான். மேல் வரிசையில் அவனுடைய ராஜா சொர்க்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்கள் சாமரம் வீசுகிறார்கள். கீழே, மூலையில், ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

கதை இதுதான். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தை ஆண்ட ஒரு சிற்றரசனுக்கு மூங்கிலான் உயிர்க்காவல். நீ செத்தால் அன்றைக்கே நானும் சாவேன் என்று வாக்குக் கொடுத்தவன். அரசன் செத்தான். போரில் இல்லை, காய்ச்சலில். சொன்ன சொல்லுக்காக மூங்கிலான் வளைத்த மூங்கிலில் குடுமியைக் கட்டிக்கொண்டு தன் கழுத்தைத் தானே அறுத்தான். மூங்கில் நிமிர்ந்தபோது தலையும் கூடவே போனது.

வெளியூர்க்காரர்கள் கீழே இருக்கும் பெண் அவனை வாழ்த்தி அனுப்புகிறாள் என்பார்கள். சந்துக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவள் அவன் மனைவி, அவள் திட்டுகிறாள். அதனால்தான் ஆடி முதல் ஞாயிறு காலையில் பெண்கள் கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் படைத்துவிட்டு, ஒவ்வொருத்தியாக முன்னால் போய்த் திட்டுவார்கள். அந்த வருஷம் யார் வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீட்டுப் பெண் முதலில் திட்ட வேண்டும். “அவனுக்குக் காய்ச்சல் வந்தா கஷாயம் வெச்சுக் குடுக்கறதுதானேடா, கழுத்த எதுக்குடா குடுத்த” என்று மூங்கிலானில் ஆரம்பிக்கும். எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. குடித்துச் செத்தவன், ரயிலில் அடிபட்டவன், மருந்துக்கு அலைந்து செத்தவன் எல்லாருமே அந்தக் கல்லுக்குள் வந்துவிடுவார்கள். ஆண்கள் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். திட்டி முடித்த பிறகுதான் சாப்பாடு.

மமதாவுக்கு முப்பத்தொரு வயது. இந்தச் சந்தில்தான் பிறந்தாள். பதினாலு வருஷமாக அவள் மூங்கிலானைத் திட்டியதில்லை.

அவள் பியூசி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா அசோகன் போனார். பீன்யா தொழிற்பேட்டையில் முலாம் பூசுகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஆசிட் குழாய் வெடித்து எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். வாசலில் நின்று முதலாளி, மிஷின் போச்சே என்று கத்தினார். அசோகன் மட்டும் வால்வை மூடத் திரும்பி உள்ளே போனார். முதலாளி நல்லபடியாகவே எல்லாம் செய்தார். மாலை கொண்டுவந்தார், அழுதார், முதல் வருஷ நினைவு நாளுக்கு வட்டமான ஒரு கனத்த பித்தளைத் தகட்டில் கன்னடத்தில் பெயரும் ‘விசுவாசமுள்ள தொழிலாளி’ என்ற பட்டமும் பொறித்துக் கொடுத்தார். அதை எங்கே மாட்டலாம் என்று மமதா ஆணி தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா லட்சுமம்மா அதை வாங்கிக் குழம்புச் சட்டி மேல் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அன்றிலிருந்து அதுதான் மூடி.

அப்பா இறந்த வருஷம் முதலில் திட்டியவள் லட்சுமம்மா. அரைமணி நேரம் திட்டினாள். மூங்கிலானில் ஆரம்பித்து நடுவில் அசோகன் பெயரைச் சொல்லிவிட்டாள். “நீ மூடலன்னா என்னடா, அந்த வால்வ மொதலாளி மூட மாட்டானா? பொட்டப் புள்ளைய வெச்சுகினு எவன் சொத்தக் காப்பாத்தப் போன, மடையா.” மமதா காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அப்பாவை மடையன் என்று சந்தே கேட்கச் சொன்ன அம்மாவோடு மூன்று வாரம் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவள் பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்தாள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. பீன்யாவில் வேறொரு கம்பெனியில், பம்புக்குப் போகிற பாகங்களை அளவுக் கருவி வைத்துச் சரிபார்த்து, தேறாததை ஒதுக்குகிற வேலை. மெஜஸ்டிக் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. போக வர மூன்று மணி நேரத்தில் அவள் படித்தாள். நூலகத்தில் எடுத்த தடித்தடியான சரித்திர நாவல்கள். அவற்றில் நிலவு வெளிச்சத்தில் கோட்டை இருந்தது, சுரங்கப்பாதை இருந்தது, ராஜாவுக்காகச் சாகிறவர்கள் எல்லாரும் முகம் மலர்ந்து செத்தார்கள். அவர்களுடைய மனைவிமார் நெற்றியில் திலகம் வைத்து அனுப்பினார்கள். ஒருத்திகூட மடையா என்று சொல்லவில்லை. மமதாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்பாவும் அப்படி மலர்ந்த முகத்தோடு போயிருக்கலாம் இல்லையா?

படித்துப் படித்து ஒருநாள் எழுத ஆரம்பித்தாள். மெட்ரோவில் நின்றுகொண்டே, செல்போனில், கட்டை விரலால். கதைகளைக் குரலில் கேட்கிற ஒரு ஆப் போட்டி வைத்தது. அனுப்பினாள். அந்த ஆப்பில் தமிழ்க் கதைகளைப் பார்த்துக்கொள்ளும் ராகேஷ் என்பவர் போன் செய்தார். “ராஜா காலத்துக் கதைதான் இப்ப ஓடுது மமதா. சத்தியம், வாள், சாபம் எல்லாம் நிறையப் போடுங்க” என்றார். அப்படி வந்ததுதான் ‘உயிர்வாக்கு’. மூங்கிலான் என்ற பெயர் கேட்க நன்றாக இல்லையென்று அவனுக்கு அமரகேசரி என்று பெயர் வைத்தாள். வெள்ளைக் குதிரை கொடுத்தாள். மார்புக்குக் கவசம் போட்டாள். மூன்றாவது பகுதியிலேயே அவன் மனைவி தூக்கிய கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்துவிட்டாள்.

வாரம் மூன்று பகுதி வீதம் அது நூற்று நாற்பத்தெட்டுப் பகுதி ஓடியது. பிரேசர் டவுன்காரர் கிளிஃபர்ட் அதற்குக் குரல் கொடுத்தார். ஞாயிறு காலைப் பூசையில் பைபிள் வாசித்துப் பழகிய குரல். அவர் “அமரகேசரி” என்று அடித்தொண்டையில் சொல்லும்போது எழுதியவளுக்கே உடம்பு சிலிர்க்கும். பொம்மசந்திராவில் கம்பெனிப் பெண்கள் ஒரு காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்று ராகேஷ் சொன்னார். சந்தில் கேட்காதவர்களே இல்லை. லட்சுமம்மா மட்டும் கேட்டுவிட்டு எதுவும் சொன்னதில்லை. எப்படி இருக்கிறது என்று மமதாவும் அவளைக் கேட்டதில்லை.

கதை முடிவதற்கு மூன்று பகுதி இருக்கும்போது, ஆனி மாதக் கடைசியில், ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது குழாயடியில் பேனர் கட்டியிருந்தது. கவசமும் முறுக்கு மீசையுமாக அமரகேசரி. ஆப்பில் போட்ட அதே படம். ‘மாவீரர் அமரகேசரி வீரவணக்க நாள்’ என்று கீழே எழுத்து. கதை, மமதா என்று அவள் பெயரும் இருந்தது. பரத் ஏணியில் நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

பரத்துக்கு இருபத்து மூன்று வயது. அவன் அண்ணன் கண்ணா ஆட்டோ ஓட்டியவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் டெங்கு காய்ச்சலோடு படுத்துக் கிடந்தவன், தினமும் கூட்டிக்கொண்டு போகிற ஒரு பெரியவருக்கு ஸ்டேஷனில் விடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுந்து போனான். அவரை ரயிலேற்றிவிட்டு, ஆட்டோவிலேயே சாய்ந்துவிட்டான். அவனுடைய மனைவி சோனியாவுக்கு ரெண்டு வயதில் ஒரு குழந்தை.

“எப்டிக்கா இருக்குது?” என்றான் பரத் ஏணியிலிருந்தே. “உனக்கு சர்ப்ரைஸ். இந்த வருஷம் திட்றது கிட்றது எதுவும் இல்ல. மாலை, தப்பட்ட, ஸ்பீக்கர். கடைசி எபிசோடு சனிக்கிழம வருதில்ல, அத ஞாயித்துக்கெழம கல்லு முன்னாடி போடறோம்.”

“யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?”

“யாரக் கேக்கணும்? உன் கதையிலேயே யாரும் அவரத் திட்டலையே.”

மமதா பேனரை அண்ணாந்து பார்த்தாள். “பொம்பளைங்க என்ன சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

பரத் இறங்கி வந்தான். குரல் தணிந்தது. “அக்கா, இந்த வருஷம் எங்க வீட்டுச் சாவு. எங்க அண்ணி முதல்ல நிக்கணும். சந்தே கூடி எங்க அண்ணன மடையன்னு திட்டுவீங்க, நான் அந்த ஓரத்துல நின்னு கேக்கணுமா? எங்க அண்ணன் சொன்ன சொல்லுக்குப் போனவன். அமரகேசரி மாதிரி. நீதான எழுதின.”

மமதா வீட்டைப் பார்த்து நடந்தாள். பதினேழு வயதில் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள் அல்லவா அவளும்.

வீட்டில் லட்சுமம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“பேனரப் பாத்தியாம்மா?”

“பாத்தேன். உன் பேரு நல்லாப் பெருசாப் போட்டிருக்கான்.”

“சோனியா என்ன சொல்றா?”

“அவ இன்னா சொல்லுவா. அழவே இல்ல அவ. ரெண்டு மாசமா கல்லு மாதிரி கெடக்கறா. ஆடி வரட்டும், கொட்டித் தீத்துருவான்னு இருந்தோம். இப்ப அதுவும் கூடாதாம், வீரரத் திட்டக் கூடாதாம்.” லட்சுமம்மா கழுநீரை வடித்தாள். “உன் கதையில அவன் பொண்டாட்டி பொட்டு வெச்சு அனுப்பினா பாரு, அன்னிக்கே நெனச்சேன். படிச்ச பொண்ணு, அவளுக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன்.”

அதட்டியிருந்தால்கூட மமதா தாங்கியிருப்பாள். கோபமில்லாமல், அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் அவளைத் தைத்தது.

மறுநாள் காலை மெட்ரோவில் அவள் எழுதவில்லை. யோசித்தாள். மூங்கிலானைப் பற்றி அவள் சின்ன வயதிலிருந்து காதால் கேட்டது ஒன்று. புத்தகத்தில் படித்தது வேறு. கேட்டதைத் தள்ளிவிட்டுப் படித்ததைத்தான் எழுதினாள். ஏன்? படித்ததுதான் கதை, கேட்டது வெறும் சந்துச் சண்டை என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளாகவே முடிவு செய்தாள். தொழிற்சாலையில் ஒரு நூல் அளவு கூடக் குறைய இருந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிறவள், இதை அளந்தே பார்க்கவில்லை. திட்டுகிற வாயை மூடிவிட்டுப் பொட்டு வைக்கிற கையை மட்டும் எழுதினாள். இப்போது அந்தக் கதை சந்துக்குத் திரும்பி வந்து, கல்லையே மாற்றப் பார்க்கிறது.

அன்று மாலை திரும்பி வரும்போது எழுத ஆரம்பித்து, ராத்திரியே ராகேஷுக்கு அனுப்பினாள். கடைசிப் பகுதி. அமரகேசரி மூங்கிலை வளைக்கிறான். மனைவி வருகிறாள். கையில் சிமிழ் இல்லை. கையைத் தூக்குகிறாள், வாயைத் திறக்கிறாள். அவளுக்கு அமரகேசரி என்ற பெயரே தெரியாது. “டேய் மூங்கிலான்” என்று ஆரம்பிக்கிறாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ராகேஷ் கூப்பிட்டார். மமதா கேன்டீனுக்கு வெளியே வந்து, மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து நின்றாள்.

“மமதா, லாஸ்ட் எபிசோடு படிச்சேன். ரைட்டிங் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற கதை.”

“அதே கதைதான் சார்.”

“அமரகேசரிய அவன் வைஃப் நாலு பக்கத்துக்குத் திட்றா. மடையன்றா. நூத்தி நாப்பத்தேழு எபிசோடா நாம கட்டுன ஹீரோ.”

“நான் கட்டினது சார். தப்பாக் கட்டிட்டேன்.”

அவர் சிரித்தார். “ஓகே, இதுக்கு சோர்ஸ் என்ன? பழைய கதையில இப்படி இருக்கா?”

“எங்க சந்துல இருக்குது.”

“நெட்ல தேடினேன். எங்கயும் இல்லையே.”

“நெட்ல எங்க சந்தே இல்ல சார்.”

“அப்படி இல்ல மமதா. ராஜா காலத்துக் கதைன்னா பொண்டாட்டி திலகம் வெச்சு அனுப்புவா. எத்தன நாவல்ல வந்திருக்கு. கேக்கறவங்களுக்கு அதுதான் தெரியும்.”

“அந்த நாவல எல்லாம் படிச்சுத்தான் நானும் அப்படி எழுதினேன். அவங்க எதப் படிச்சு எழுதினாங்களோ. யாராவது ஒருத்தர் கல்லுகிட்ட வந்து கேட்டிருக்கலாம்.”

கெட்டவர் இல்லை ராகேஷ். இரண்டு வருஷத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. “முடிவு சந்தோஷமா, கம்பீரமா இருக்கணும். நாளைக்குள்ள மாத்திக் குடுங்க. இல்லன்னா நானே எழுதிடறேன். அக்ரிமென்ட்ல அப்படித்தான் இருக்கு.”

“மாத்த மாட்டேன் சார்.”

“அடுத்த சீரிஸ் பேசிட்டு இருக்கோம், தெரியுமில்ல? சும்மா வீம்புக்கு அதக் கெடுத்துக்காதீங்க.”

“வீம்புதான் சார். நீங்க எழுதறதா இருந்தா என் பேர எடுத்துடுங்க.”

“பேரு போஸ்டர்ல இருக்கு. அத எப்படி எடுக்கறது?”

போனை வைத்த பிறகு அவள் கேன்டீனுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றாள். செய்தது சரியா? அம்மாவுக்கும் சோனியாவுக்கும் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தனக்கே ஒரு பெரிய காட்சி எழுதிக்கொள்கிறாளா? திட்டுகிறவர்களைத் தள்ளி நின்று பார்த்தவள், இப்போது அவர்கள் திட்டை எடுத்து வசனமாக்கி விற்கப் பார்த்தது மட்டும் என்ன நியாயம்? ஒன்று மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே சாகிறவனை இன்னொரு தடவை அவளால் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை கிளிஃபர்ட் கூப்பிட்டார். ரெக்கார்டிங் முடிந்து வெளியே வந்து பேசினார்.

“மமதா, ராகேஷ் எழுதின முடிவப் படிச்சுக் குடுத்துட்டேன்மா. என் பொழப்பு அது. தப்பா நெனைக்காத.”

“இல்ல அங்கிள்.”

“உன்னோட பேஜும் மெயில்ல இருந்துச்சு. மைக்க ஆஃப் பண்ணிட்டு அதையும் படிச்சுப் பாத்தேன்.”

“எப்டி இருந்துச்சு?”

“என் தொண்டைக்கு வரல. ‘டேய் மடையா’ன்னு நான் சொன்னா பாதர் பிரசங்கம் பண்றாப்ல இருக்கு. அது பொம்பளக் குரல்லதான் வரணும். அதுவும் கேட்டுகினு நிக்கறவன் முன்னாடி வரணும்.”

மமதா கொஞ்சம் யோசித்தாள். “ஞாயித்துக்கெழம காலைல எங்க சந்துக்கு வாங்க அங்கிள். களி சாப்பிடுவீங்கல்ல?”

“கருவாடு உண்டா?”

“உண்டு.”

“அப்ப வர்றேன்.”

சனிக்கிழமை கடைசிப் பகுதி வெளிவந்தது. மமதா கேட்கவில்லை. சந்து கேட்டது. அமரகேசரி சிரித்தானாம், சங்கு முழங்கியதாம், மனைவி திலகம் வைத்தாளாம். கடைசியில் எழுதியவர் மமதா என்று வந்ததாம். நாலு பேர் கதவைத் தட்டிக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். அதற்கு மேலே பரத்தின் ஆட்கள் ஆளுயரச் சாமந்தி மாலையைப் போட்டிருந்தார்கள். கீழ் மூலையில் நின்ற பெண் மாலைக்குள் மறைந்துபோயிருந்தாள். இரண்டு பெரிய ஸ்பீக்கர். பெண்கள் களியுருண்டைகளையும் சட்டிகளையும் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள், என்ன செய்வதென்று தெரியாதவர்கள் மாதிரி. சோனியா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் நிற்க வேண்டிய இடத்துக்கு இரண்டடி தள்ளி நின்றாள். குழந்தை லட்சுமம்மாவிடம் இருந்தது.

கிளிஃபர்ட் வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தார். இன்னார் என்று தெரிந்ததும் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அங்கிள், ஒரே ஒரு தடவ சொல்லுங்க. அமரகேசரி சொல்றாப்ல.” மனுஷன் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு பழக்க தோஷம், நெஞ்சை நிமிர்த்தி, “மண்ணுள்ள வரை உன் புகழ் வாழும், மாவீரனே” என்று அடித்தொண்டையில் சொல்லிவிட்டார். பையன்கள் விசிலடித்தார்கள்.

“ஐயோ பாவம்” என்றாள் லட்சுமம்மா, சத்தமாகவே. “வந்த மனுசன் வந்ததும் மாட்டிகினாரு. அவருக்கு ஒரு தட்டுக் கூடை எடுத்து வைங்கடி.”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பரத் சிரிக்கவில்லை. “தட்டு எல்லாம் பேடாம்மா. இந்த வருஷம் அந்த ரூல் இல்ல” என்று செல்போனைத் தட்டினான். ஸ்பீக்கரில் சங்கு முழங்கியது. ‘உயிர்வாக்கு, இறுதிப் பகுதி. எழுதியவர் மமதா.’

மமதா ஸ்பீக்கருக்கு அருகில் போனாள். வயரைப் பிடுங்கினாள்.

“அக்கா, இன்னா பண்ற?”

“எழுதினவ நானாம். இல்ல. அது நான் எழுதல. மத்த நூத்தி நாப்பத்தேழும் நான்தான் எழுதினேன்.” அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். “நூத்தி நாப்பத்தேழு தடவ இவனப் புகழ்ந்திருக்கேன். இன்னிக்கு இந்தச் சந்துல உழற தட்டு முச்சூடும் என்னுது. அங்கிளுது கூட.”

“அப்ப ரூல் இருக்குதா இல்லயா?” என்றார் கிளிஃபர்ட்.

“இருக்குது” என்றாள் மமதா.

பரத் குறுக்கே வந்து நின்றான். “சாமியத் திட்டாதக்கா. எங்க அண்ணனத் திட்டாத. சும்னே போயிடு.”

“உன் அண்ணனத் திட்ட நான் யாரு? நான் எங்க அப்பனத் திட்டணும் பரத். பதினாலு வருஷ பாக்கி. தள்ளிக்க.”

அவன் தள்ளவில்லை. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய், மாலையைப் பிடித்து இழுத்தாள். நார் அறுந்து சாமந்தி கொட்டியது. மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண் வெளியே தெரிந்தாள். அந்தக் கையில் எதுவும் இல்லை. இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்தும் இப்போதுதான் மமதா அதைப் பார்த்தாள்.

கல்லுக்கு நேர் எதிரே நின்றாள்.

“டேய் மூங்கிலான். உனக்கு வெள்ளக் குதிர குடுத்தேன். நீ எங்கடா குதிர ஏறின? ராஜா குதிரைக்குப் புல்லு அறுத்திருப்ப. கவசம் போட்டேன். இடுப்புல துணி இருந்துச்சான்னே தெரில. சாவறப்ப உன்னச் சிரிக்க வெச்சேன். எவன்டா சிரிச்சுகினு சாவான்? உன் ராஜா மேல உக்காந்துகினு விசிறி வாங்கறான், நீ கீழ கழுத்துல கத்திய வெச்சுகினு உக்காந்திருக்க. வீரனாம். வீரன்னு சொன்னா உனக்குப் போதுமாடா? ஒரு தகடு குடுத்தா போதுமா? எல்லாரும் வெளிய ஓடி வந்தாங்களே, நீ மட்டும் எதுக்குத் திரும்பிப் போன? மொதலாளி கத்தினா கத்திட்டுப் போறான். காலைல உப்புமா கட்டிகினு போனியே, பாதி சாப்ட்டு மீதி அப்டியே டப்பாவுல வந்துச்சே, அத நான்தானடா கழுவினேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எங்கிட்ட கேட்டிருந்தா போகாதன்னு சொல்லியிருப்பேன். போகாதப்பான்னு சொல்லியிருப்பேன். உன்ன வீரன்னு எழுதறதுக்குப் பதிலா, வேல இல்லாத ஆளா வீட்ல சும்மா உக்கார வெச்சிருந்தாகூட நல்லா இருந்திருக்கும், மடையா.”

ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் குடம் கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

சோனியா முன்னால் வந்தாள். மூங்கிலானைக்கூட அவள் கூப்பிடவில்லை.

“டேய் கண்ணா,” என்றாள். “அந்தாளு வேற ஆட்டோ புடிச்சிருக்க மாட்டானாடா?”

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அடுத்த வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது. இரண்டு மாதமாக வராதது. பெண்கள் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான். அவள் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். பரத் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காதைப் பொத்தவில்லை. ஓடவும் இல்லை.

அன்றைக்கு எல்லாரும் திட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

நூற்று எண்பது தட்டுகளுக்கு மேல் விழுந்தன. மமதா குழாயடியில் உட்கார்ந்து புடவையைச் செருகிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். கிளிஃபர்ட் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, தான் சொன்னது ஒரே ஒரு வரிதான், அதுவும் தொழில்ரீதியாக என்று வாதாடிப் பார்த்துத் தோற்று, எதிரில் உட்கார்ந்தார். செல்போன் இரண்டு தடவை அடித்தது. ராகேஷ். ஈரக் கையோடு எடுக்க அவளுக்கு அவசரமில்லை. அடுத்த தொடர் போனால் போகட்டும். அளவுக் கருவி இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது, கட்டை விரல் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து பரத் வந்தான். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“உன்ன யாரும் கூப்பிடலையே” என்றாள் மமதா.

“பேனர் கட்டினது நான்தான?”

மூன்று பேரும் தேய்த்தார்கள். தட்டுகள் முடிந்து சட்டிகள் வந்தன. பரத் வட்டமான ஒன்றை எடுத்துக் கரியைச் சுரண்டினான். மஞ்சளாக மினுங்கியது. திருப்பிப் பார்த்துக் கன்னட எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். பாதியில் நிறுத்தினான்.

“அக்கா, இது உங்க அப்பாவுக்குக் குடுத்த ஷீல்டு இல்ல?”

“மூடி” என்றாள் மமதா. “நல்லாத் தேய். ஓரத்துல குழம்பு ஒட்டிகினு இருக்கும்.”